உடற்கல்விப் பாடவேளையும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும்

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணையம், லாங்கர்ஹான் திட்டுகள், ஆல்பா செல்கள், பீட்டா செல்கள் என்று கரும்பலகை நிறைந்திருந்தது. "இரத்தத்தில் சர்க்கரை கூடினால் இன்சுலின் அதைக் குறைக்கும், குறைந்தால் குளுக்ககான் அதைக் கூட்டும்" என்று சொல்லி முடித்துவிட்டு, "சந்தேகம் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், சர்க்கரையைக் குறைக்கிறது இன்சுலின்தான்னு சொன்னீங்க. எங்க தாத்தாவுக்கு இன்சுலின் இருந்தும் சரியா வேலை செய்யலையாம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு. நடந்தா கால்தானே வலிக்கும்? சர்க்கரை எப்படிக் குறையும்?"

"உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை எரிந்துவிடும்மா" என்று பொதுவாகச் சொல்லி உட்காரவைத்தேன். அவளுக்குத் திருப்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையில் எனக்கும் இல்லை. இன்சுலின் வேலை செய்யாத உடம்பில் சர்க்கரை தசைக்குள் எப்படி நுழையும்? நுழைந்தால்தானே எரியும்? பி.எட். முடித்து இத்தனை ஆண்டுகள் அறிவியல் நடத்தியும் இந்தக் கேள்வியை நான் எனக்கு நானே கேட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கேள்வி பிறந்த பாடவேளை அறிவியலுக்கு உரியது அல்ல. பாடம் முடியவில்லை என்று உடற்கல்வி ஆசிரியரிடம் நான் கேட்டு வாங்கிய வேளை அது. உடற்பயிற்சி சர்க்கரையை எப்படிக் குறைக்கிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைப் பறித்து உட்காரவைத்த வகுப்பில்தான் எதிர்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டதையும், அதனால் திருத்திக்கொண்ட இரண்டு தவறுகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஐந்து லிட்டரில் ஒரு தேக்கரண்டி

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும்வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு, 100 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் இயல்பு என்கிறோம். ஐந்து லிட்டர் என்பது 50 டெசிலிட்டர். பெருக்கினால் 5,000 மில்லிகிராம், அதாவது ஐந்து கிராம். மொத்த இரத்தத்திலும் இருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான்!

இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஐந்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைக் கரையுங்கள். "இது ஆரோக்கியமான இரத்தம்" என்று சொல்லுங்கள். இன்னொரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, "இது 200. நீரிழிவு" என்று சொல்லுங்கள். நலத்துக்கும் நோய்க்கும் இடையில் இருப்பது இவ்வளவுதானா என்று பிள்ளைகள் வியந்துபோவார்கள்.

அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். ஒரு தட்டுச் சோறு, சுமார் 300 கிராம் சாப்பிட்டால், அதில் எண்பது கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கும். செரித்தபின் அது பெரும்பாலும் குளுக்கோஸாகி இரத்தத்துக்குத்தான் வருகிறது. ஐந்து கிராம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் எண்பது கிராம் வந்தால் அத்தனையும் எங்கே போகும்?

போவதற்கு இரண்டு பெரிய களஞ்சியங்கள் உண்டு. ஒன்று கல்லீரல். அது ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும். இன்னொன்று தசை. நம் தசைகள் எல்லாம் சேர்ந்து அதைப்போல மூன்று, நான்கு மடங்கு சேமிக்கும். இன்சுலின் தூண்டும்போது இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குள்தான் போகிறது. "சர்க்கரை நோய்" என்றதும் நாம் கணையத்தை மட்டும் நினைக்கிறோம். சர்க்கரை போய்ச் சேரும் இடமான தசையை மறந்துவிடுகிறோம்.

கதவும் முதல் சாவியும்

குளுக்கோஸ் தானாகத் தசைச் செல்லுக்குள் நுழைந்துவிடாது. செல்லின் சவ்வில் அதற்கென்று ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு ஒரு புரதம். அதன் பெயர் குளுட்-4. வேடிக்கை என்னவென்றால், ஓய்வாக இருக்கும்போது இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சுவரில் இருப்பதில்லை. செல்லுக்குள்ளே சிறுசிறு பைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைச் செல்லின் வெளிப்புறத்தில் உள்ள தன் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. உள்ளே ஒருவர் சொல்லி ஒருவர் கேட்பதுபோலச் செய்தி கைமாறிப் போகிறது. கடைசியில் பைகளில் இருந்த குளுட்-4 கதவுகள் சவ்வுக்கு வந்து பொருந்துகின்றன. சர்க்கரை உள்ளே போகிறது.

இரண்டாம் வகை நீரிழிவில், தொடக்கத்தில் இன்சுலின் பற்றாக்குறை பெரிய சிக்கல் அல்ல. செய்தி கைமாறும் வழியில்தான் அடைப்பு. இன்சுலின் கதவைத் தட்டுகிறது. உள்ளே சரியாகக் கேட்கவில்லை. இதையே இன்சுலின் எதிர்ப்புத்தன்மை என்கிறார்கள். கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்துக் களைத்த பிறகுதான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. அந்த மாணவியின் தாத்தாவுக்கு "இன்சுலின் இருந்தும் வேலை செய்யவில்லை" என்று மருத்துவர் சொன்னது இதைத்தான்.

வைக்கோல் மென்ற குதிரை

இரண்டாவது சாவி ஒன்று இருக்கிறது என்பதற்கான முதல் தடயம் இன்சுலினுக்கும் முந்தியது. டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921-இல். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், 1887-இல், பிரான்சில் ஷோவோ, காஃப்மான் என்ற இரு அறிஞர்கள் குதிரையின் முகத்தசைகளுக்குள் போகும் இரத்தத்திலும், அவற்றிலிருந்து வெளிவரும் இரத்தத்திலும் சர்க்கரையை அளந்து பார்த்தார்கள். குதிரை சும்மா நிற்கும்போது தசை எடுத்துக்கொண்ட சர்க்கரையைவிட, தீனி மெல்லும்போது எடுத்துக்கொண்டது பல மடங்காக இருந்தது. வேலை செய்யும் தசை சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எப்படி இழுக்கிறது என்பது தெரிய இன்னும் நூறாண்டு ஆனது.

இன்று தெரிந்தது இதுதான். தசை சுருங்கி விரியும்போது அதற்குள் கால்சியம் அயனிகள் வெளிவருகின்றன. ஏ.டி.பி. செலவாகிறது. ஆற்றல் குறைவதை உணரும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இவையும் இவற்றோடு வேறு சில செய்திகளும் சேர்ந்து, குளுட்-4 கதவுகளைச் சவ்வுக்குக் கொண்டுவருகின்றன. இன்சுலின் போகும் வழி வேறு, இந்த வழி வேறு. முன்வாசல் பூட்டு துருப்பிடித்திருந்தாலும் பின்வாசல் திறப்பதுபோல, இன்சுலின் எதிர்ப்புத்தன்மை உள்ளவருக்கும் இந்த வழி பெருமளவு சரியாகவே வேலை செய்கிறது. நடக்கும்போது தசைக்கு இரத்த ஓட்டமும் பெருகுவதால் கதவருகே சரக்கும் அதிகமாக வந்து சேருகிறது.

தாத்தா நடந்தால் சர்க்கரை குறைவது இதனால்தான். அவருடைய தொடையும் கெண்டைக்காலும் தம் கதவைத் தாமே திறந்துகொள்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. ஆரோக்கியமான உடலில் உடற்பயிற்சியின்போது இன்சுலின் சுரப்பு கூடுவதில்லை, குறைகிறது. தசை தானே சர்க்கரையை எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்சுலினும் கூடினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிச் சரிந்துவிடும், மூளை தவித்துப்போகும். ஆகவே கணையம் இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககானைக் கூட்டுகிறது. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை வெளியே விடுகிறது. ஓர் ஓட்டப் பந்தயம் முழுவதும் அந்த ஒரு தேக்கரண்டி அளவு ஏறக்குறைய மாறாமல் காக்கப்படுகிறது. இந்த நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

நடந்து முடித்த பிறகு

நடையை நிறுத்தியதும் கதவுகள் சில மணி நேரத்தில் உள்ளே திரும்பிவிடும். ஆனால் பயன் அதோடு நிற்பதில்லை. கிளைக்கோஜன் குறைந்த தசை, அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறது. அப்போது இன்சுலின் தட்டினால் அதன் காதில் நன்றாக விழுகிறது. இந்தக் கூர்மை ஒரு நாள், இரண்டு நாள் நீடித்துப் பிறகு தேய்ந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக்கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரநாராயண சுவாமி கோயிலில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். நூற்றெட்டு, அதற்கும் மேல் என்று வேண்டிக்கொண்டு சுற்றுவார்கள். மற்ற நாளில் தெருமுனைக் கடைக்கும் வண்டியில் போகிறவர்கள்கூட அந்த நாள்களில் கால் ஓயாமல் நடப்பார்கள். நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தான்; அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தசையின் கணக்கு மட்டும் வேறு. அது ஆடியில் நடந்ததை ஆவணி வரை வரவு வைத்துக்கொள்ளாது. ஆண்டு முழுவதும் அன்றன்றைக்குச் சுற்ற வேண்டும்.

நடையோடு எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்ற தசை வலுப்பயிற்சிகளும் வேண்டும். தசை பெருகினால் களஞ்சியம் பெருகும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வயதோடு தசை குறைந்துகொண்டே வருவதால் இது இன்னும் முக்கியம்.

சென்னையில் கிடைத்த சான்று

இதெல்லாம் செல்லுக்குள் நடப்பது. வாழ்க்கையில் பலிக்குமா? அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வு, உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்து நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்ததாகச் சொன்னது. ஆனால் அங்கே கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் உடல் பருமன் மிகுந்தவர்கள், எடையைக் குறைத்தவர்கள். நம் ஊரில் ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை வருகிறதே?

இதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களின் சராசரி வயது 46. நம்மில் பலருடைய வயது! உட்கார்ந்த வேலை செய்பவர்களை நாள்தோறும் குறைந்தது அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். உணவிலும் மாற்றம் சொன்னார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களில் அது 39. வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பயனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பயன் கிடைத்தது. "நடந்தும் எடை குறையவில்லை, என்ன பயன்?" என்று நடையை நிறுத்திவிடும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எடை இயந்திரத்தின் முள் நகராதபோதும் தசையின் கதவு திறந்துகொண்டுதான் இருக்கிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நம் மாணவர்களில் பலர் அதைத் தம் தாத்தா, பாட்டிக்கு எடுத்துக் கொடுப்பவர்கள். மாத்திரை வீடு தேடி வரும்; நடை வராது.

என் சொந்தக் கணக்கு

அப்பா தறிக்காரர். குழித்தறியில் கால் மிதிகட்டையை மாறி மாறி மிதிக்க, கை நாடாவை இழுக்க, நாள் முழுவதும் உடம்பு ஓயாது. ஒருமுறை பாவு ஓடித் தீர்வதற்குள் அந்தக் கால்கள் எத்தனை ஆயிரம் முறை மிதித்திருக்கும் என்று யார் எண்ணினார்கள்? இன்று எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. மிதிக்கிற வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. நானோ ஆசிரியை. பள்ளிக்கு வண்டியில் போகிறேன். வகுப்பில் நிற்கிறேன், எழுதுகிறேன். மதியம் சாப்பிட்டதும் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவேன். சாப்பாட்டின் அளவு மட்டும் அப்பாவின் காலத்து அளவு.

ஒரு மருத்துவ முகாமில் ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை செய்தபோது எனக்கு 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் முந்தைய நிலை, 6.5 ஆனால் நீரிழிவு. "காலையில் நேரமே இல்லையே" என்பதுதான் என் முதல் பதில். உங்களில் பலரும் அதையேதான் சொல்வீர்கள்.

அப்போது எனக்கு உதவியது 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. அறுபது வயதைக் கடந்த பத்துப் பேர் மட்டுமே கலந்துகொண்ட சிறிய ஆய்வு அது. காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதும், மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பதும் நாள் முழுவதுமான சர்க்கரையைக் குறைத்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைத் தணிப்பதில் சாப்பிட்டபின் நடக்கும் முறை மேலாக இருந்தது. கதவுக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. சரக்கு வரும் நேரத்தில் கதவைத் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

மதிய இடைவேளையில் சாப்பிட்டு முடித்ததும் மைதானத்தைச் சுற்றி 15 நிமிடம் நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் தனியாக நடந்தேன். பிறகு உடன் பணியாற்றும் இரு ஆசிரியைகள் சேர்ந்துகொண்டார்கள். இரவிலும் பாத்திரம் கழுவியபின் தெருவில் ஒரு நடை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 5.8. ஒருவருடைய எண் ஆய்வு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் உட்காரவைத்த மாணவன்

இனி என் இரண்டாவது தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு மாணவன் சேர்ந்தான். இதில் கணையம் இன்சுலினையே சுரப்பதில்லை. நாள்தோறும் ஊசி போட்டே ஆக வேண்டும். பூக்கட்டிப் பிழைக்கும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இவன விளையாட மட்டும் விட்டுராதிய. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் வகுப்பாசிரியை. அவர் சொன்னபடியே செய்தேன். ஓராண்டு முழுவதும் உடற்கல்விப் பாடவேளையில் அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைக் காவல் காத்தான். அது அக்கறை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் எனக்குத் தெரியாமல் கபடி ஆடியிருக்கிறான். அடுத்த பாடவேளையில் மேசையில் தலைசாய்த்துக் கிடந்தான். தூங்குகிறான் என்று கடிந்துகொண்டேன். நிமிர்ந்தவன் ஏதோ உளறினான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. பக்கத்துப் பையன்தான், "டீச்சர், அவன் பையில சர்க்கரைப் பொட்டலம் இருக்கு. எல்லாரும் பார்ப்பாங்கன்னு எடுக்கமாட்டான்" என்றான். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால்மணி நேரத்தில் தெளிந்தான். அந்தக் கால்மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

என்ன நடந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. ஆரோக்கியமான உடல் ஓடும்போது தன் இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று பார்த்தோம். ஊசியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. கபடி ஆடிய தசை ஒரு சாவியால் கதவைத் திறந்தது; ஊசி இன்சுலின் மறு சாவியால் திறந்தது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையைச் சரித்துவிட்டன.

இதைக் கேட்டு, "அப்படியானால் விளையாடாமல் இருப்பதுதானே நல்லது?" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனுடைய மருத்துவர் நேர்மாறாகச் சொன்னார். விளையாட்டு அவனுடைய இதயத்துக்கும் மனத்துக்கும் தேவை. இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்க்கவும் தேவை. திட்டமிட்டு விளையாட வேண்டும், அவ்வளவுதான். வாசிம் அக்ரமுக்கு 1997-இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அதன்பிறகும் பல ஆண்டுகள் பாகிஸ்தானுக்காகப் பந்து வீசினார் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் அம்மாவோடும் உடற்கல்வி ஆசிரியரோடும் உட்கார்ந்து நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறை இது. உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் மருத்துவர் சொல்வதோடு சேர்த்துப் பின்பற்றலாம்.

1. விளையாடும் முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைவாக இருந்தால் பிஸ்கட், வாழைப்பழம் போல ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆட வேண்டும். 250-க்கு மேல் இருந்து, வாந்தி, வயிற்றுவலி போன்ற தொல்லையும் இருந்தால் அன்று விளையாட்டு வேண்டாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, எரிச்சல், தலைவலி, உளறல், மந்தம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். இவை சேட்டை போலவும் தூக்கம் போலவும் தோன்றும்.

3. அறிகுறி தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். தெளிந்தபின் சிற்றுண்டி. குழந்தையைத் தனியே எங்கும் அனுப்பக்கூடாது.

4. நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

5. தசை களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளும் வேலை மணிக்கணக்கில் தொடர்வதால், விளையாடிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம். அன்று என்ன விளையாடினான் என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு குளுக்கோஸ் பொட்டலம் என் மேசை இழுப்பறையிலும் இன்னொன்று உடற்கல்வி ஆசிரியரிடமும் இருந்தன. அதைவிட முக்கியமாக, வகுப்பு முழுவதற்கும் இது என்ன நோய் என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு அவனுக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வகுப்புக் கபடி அணியில் அவன் இருந்தான்.

இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவரிடம் பேசிவிட்டு நடையைத் தொடங்குங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். கால் மரத்துப்போகிறவர்கள் காலணி இல்லாமல் நடக்க வேண்டாம்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடத்தில் பெரும்பகுதி கிடைப்பது பள்ளி மைதானத்தில்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அரைமணிக்கு ஒருமுறை பிள்ளைகளை எழுப்பி, வாய்ப்பாட்டைக் குதித்துக்கொண்டே சொல்லவைக்கலாம். உயர்வகுப்பினர் ஓய்வில் ஒருமுறையும், ஐந்து நிமிடம் ஓடியபின் ஒருமுறையும் நாடித்துடிப்பை எண்ணி வரைபடம் போடலாம். ஹார்மோன்கள் பாடத்தில் இன்சுலினின் சாவியை வரைந்தபின், பக்கத்தில் தசையின் சாவியையும் வரையுங்கள்.

நவம்பர் 14-ஐக் குழந்தைகள் நாளாகக் கொண்டாடுகிறோம். பான்டிங்கின் பிறந்தநாளும் அதுவே. அதனால் உலக நீரிழிவு நாளும் அதுவே. அன்று வாளித் தண்ணீர்ச் செய்முறையைக் காலை வணக்கக் கூட்டத்திலேயே செய்து காட்டலாம்.

அந்த மாணவிக்கு மறுவாரம் விடை சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா சாப்பிட்டதும் நடக்கட்டும்; நானும் கூடப் போறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அடுத்த பிடி பீரியடு எங்களுக்கு உண்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

உண்டு என்றேன். அதன்பின் உடற்கல்விப் பாடவேளை எதையும் நான் கேட்டு வாங்கியதில்லை. பாடம் எப்படியும் முடிந்துவிடுகிறது.